சிட்வெல் அம்மாளின் பலகை

மார்லகூம்
1562, ஏப்ரல் 6

தங்கை வில்மட்டுக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி எழுத நான் எடுக்கும் நேரத்தில் ஓர் ஆட்டைத் தோலுரித்துத் தொங்கவிட்டுவிடுவேன். எழுத்துகள் மேலும் கீழுமாகப் போகின்றன. மை சொட்டிய இடங்களை நீ ஒன்றும் வாசிக்க வேண்டாம், அவை வெறும் சொட்டுகள்.

ஆனால் இது என் கை. பெருவாத்தை நானே கொன்றேன், இறகை நானே பிடுங்கினேன், கசாப்புக் கத்தியாலேயே முனை சீவினேன். எழுதுவதும் நானே. எழுபது வயதில், வில்மட்! நேற்று ‘ரத்தம்’ என்று எழுதிவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் அதைக் கழுவிக்கொண்டே இருந்தேன். இப்போது அது காகிதத்தில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது.

எப்படிக் கற்றேன் என்று கேட்பாய். நம் கோயிலில் மரத்திரைக்கு மேலே பத்துக் கட்டளைகளை எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் பாதிரியார் அவற்றை உரக்க வாசிப்பார். எந்த ஒலிக்கு எந்தக் கோடு என்று இரண்டு பனிக்காலம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பிடிபட்ட சொல் ‘கொலை’. கசாப்புக்காரனுக்கு வேறென்ன பிடிபடும்? மீதியைப் பாதிரியாரின் மனைவி திருத்திக் கொடுத்தாள். ஆமாம், பாதிரியாருக்கு இப்போது மனைவி உண்டு. நல்ல பெண், ஈரல் வாங்கத் தெரிந்தவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராணியின் உத்தரவு வந்திருக்கிறது. திரைக்கு மேலே உள்ள மச்சை இடிக்க வேண்டும். கீழே உள்ள திரை மட்டும் பீடத்தையும் ஜனங்களையும் பிரித்து முழுதாக நிற்கலாம். அந்த மச்சில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை, சாமி உருவமே கூடாது என்ற சிறுவன் ராஜாவின் ஆட்கள் மைதானத்தில் எரித்தது உனக்குத் தெரியும். மேரி ராணி வந்ததும் இன்னொன்றை ஏற்றச் சொன்னார்கள். பட்டினி கிடந்த நாய் மாதிரி ஒன்றைச் செய்து ஏற்றினோம். இந்த ராணி வந்ததும் அதையும் இறக்கினோம். கயிறு பிடித்தவன் எல்லாத் தடவையும் நான்தான். இப்போது மச்சே போகிறது. போகட்டும். திரை போகக் கூடாது.

நம் அப்பா காலத்தில் அதைச் செதுக்கிய இரண்டு சகோதரர்கள் நம் கொட்டகையில் தங்கி நம் ஆட்டுக்கறியைத் தின்றது உனக்கு நினைவிருக்காது, நீ தொட்டிலில் இருந்தாய். அப்பா கொடுத்த தொடைக்கறிக்கு நன்றியாக, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு கசாப்புக் கத்தியை ஒளித்துச் செதுக்கினார்கள். தெரிந்தவர்கள் தேடினால் இன்றும் கிடைக்கும். நீ வளர்ந்த பிறகு, சாமிகளை வரைந்த கீழ்வரிசைப் பலகைகளை வீட்டுக்கு ஒன்றாக ஊரே கொடுத்தது. நான் கசாப்புக்காரர்களின் சாமி பர்த்தலமேயுவைக் கொடுத்தேன். நீ கல்யாணத்துக்கு முன்னால் நூல் நூற்ற காசில் புனித சிட்வெல் அம்மாளைக் கொடுத்தாய். கையில் நீள அரிவாள், காலடியில் ஊற்று.

அந்தப் பலகை இருந்த இடம் பதின்மூன்று வருஷமாக ஓட்டையாக இருக்கிறது. பண்ணையார் கார்ஸ்லேக் தன் புது மாளிகைப் படிக்கட்டுக்கு ஓக் மரம் தேடுகிறார். ஓட்டை விழுந்த திரை முழுத்திரை இல்லை, அதனால் மச்சோடு அதுவும் தனக்கு என்கிறார். கோடைக்கு நடுவில் ஆயரின் ஆள் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

சுமைக்குதிரைக்காரன் யோ எக்ஸிட்டரில் உன் வீட்டுக்குக் கம்பளி கொண்டுவந்தபோது உன் கட்டிலுக்குப் பின்னால் ஒரு பலகையைப் பார்த்தானாம். அரிவாள் முனை தெரிந்ததாம். அதுதானா? அதுதான் என்றால் அனுப்பு.

உன் புருஷன் என் மகன் ஜோரிக்கு என்ன செய்தான் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

டிகரி


எக்ஸிட்டர்
ஏப்ரல் 16

டிகரி லஸ்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வாசித்தேன். எழுதக் கற்றதற்கு மகிழ்ச்சி. இதற்கு மேல் மரியாதை என்னிடம் இல்லை.

ஆம், பலகை என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். அதன் அடிப்பக்கத்தில், ஊற்று வரைந்திருக்கும் இடத்தில், என் மகன் பியர்ஸின் ரத்தம் ஊறியிருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை. என் கணவர் அன்று உங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது அதை மட்டும்தான். உடலைத் தூக்க அவரை விடவில்லையாமே. கல்லெறிந்து துரத்தினீர்களாமே. சாகும்வரை அவருடைய இடது காது கேட்கவில்லை.

இருபது வயதுப் பிள்ளை. உங்கள் ஜோரியின் கோடரி. அதற்குப் பிறகு அவனை எங்கே போட்டீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மில் குட்டையில் என்றான் ஒருவன். பன்றிகளுக்கு என்றான் இன்னொருவன். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே, அதை எழுதுங்கள்.

பலகை வராது. கார்ஸ்லேக் உங்கள் திரையில் மிதித்து ஏறிப் படுக்கப் போகட்டும்.

வில்மட் ஹேம்லின்


மார்லகூம்
ஏப்ரல் 24

வில்மட்டுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆனது. ‘பன்றி’ என்ற இடத்தில் நிறுத்தி, வெளியே போய், திரும்பி வந்து வாசித்தேன்.

பன்றிகளுக்குப் போடவில்லை. குட்டையில் போட வேண்டும் என்று சிலர் இழுத்தது உண்மை. நான் வெட்டுக்கத்தியோடு குறுக்கே நின்றேன். கன்றைத் தூக்குவதுபோல அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வடக்குச் சுவருக்கு வெளியே, ஹாலி மரத்தடியில் புதைத்தேன். பாதிரியார் வர மறுத்தார், அப்போதிருந்த பழைய பாதிரியார். எனக்குத் தெரிந்த ஜெபத்தைப் பாதிவரை சொன்னேன், மீதி வரவில்லை. குழி ஆழமாகத்தான் வெட்டினேன். நரி தோண்டவில்லை. வருஷாவருஷம் பார்க்கிறேன்.

அன்று நடந்ததை நீ உன் புருஷன் வாயால்தான் கேட்டிருப்பாய். நான் பார்த்ததைக் கேள். பெந்தெகொஸ்து முடிந்த வாரம். உன் புருஷன் ஹேம்லின் ஆட்களோடு வந்து திரையைச் சுரண்டுகிறான் என்று மணி அடித்தார்கள். நாங்கள் ஓடிப்போனபோது வடகோடிப் பலகைகளின் முகமெல்லாம் போயிருந்தது. பர்த்தலமேயுவின் கண்களைத் தோண்டியிருந்தார்கள். மரச்சீவல் ஆட்டுக்கொழுப்பு மாதிரி தரையில் சுருண்டு கிடந்தது. கொல்லன் டோசர் ஒருவனுடைய தாடையைச் சுத்தியலால் பெயர்த்தான். ஏணியோடு ஒருவன் விழுந்து முதுகு ஒடிந்தான். சுவரெல்லாம் அடித்த சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது, அதில் கை கையாக ரத்தம்.

பியர்ஸ் சிட்வெல் முன்னால் முழங்காலில் இருந்தான். கையில் உளி. ஜோரி கத்தினான், “அத்தை கொடுத்த அம்மாடா அது, கையை எடு.” உன் மகன் திரும்பிப் பார்த்து, “இது எங்கம்மாவோடது ஜோரி” என்றான். அவ்வளவுதான் சொன்னான். எங்களுடையது, நாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்றுதானே அதற்கு அர்த்தம்? எங்கள் காதில் அப்படித்தான் விழுந்தது. கோடரி கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறங்கியது. அந்த இடத்தில் வெட்டினால் கட்டுப்போட ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். குதிரை மேலிருந்து உன் புருஷன் விரலை நீட்டி, “இவன்தான்” என்றான். ஜோரியைக் கோயில் கோபுரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். கசாப்புக்காரனுக்கு முடிச்சு நன்றாகத் தெரியும் என்று என்னையே கயிறு கட்டச் சொன்னார்கள். நன்றாகவே கட்டினேன். கோணலாகக் கட்டினால் அவன் வெகுநேரம் உதைத்துக்கொண்டிருப்பான். அவன் தாய் ஆல்சன் கீழே நின்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, அடுத்த வசந்தத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

உன்னிடம் ஒரு பலகையாவது இருக்கிறது.

இதை எழுதும்போதும் ஒரு சந்தோஷம் இருக்கிறது, என்னைத் திட்டாதே. பதின்மூன்று வருஷம் நெஞ்சில் கிடந்தது கை வழியாக வெளியே வருகிறது.

டிகரி


எக்ஸிட்டர்
மே 2

டிகரி அவர்களுக்கு,

ஹாலி மரத்தடி என்று எழுதியதற்கு நன்றி. அந்த வரியைத் தனியாகக் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

மற்ற வரிகளுக்குப் பதில் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள், ஒரு சொல்லையும் தாண்டாதீர்கள்.

பலகை இப்போது என் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கிறது. சிட்வெல் அம்மாளின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, அந்த ஓவியன் கோணலாகப் போட்ட வாய் இருக்கிறது. உளி பட்ட தடங்கள் எல்லாம் விளிம்பில்தான். நாலு ஓரத்திலும், பலகை சட்டத்துக்குள் போகும் இடத்தில்.

சுரூபங்களை எடுக்கச் சொன்ன வருஷத்தில் எக்ஸிட்டரில் எல்லாக் கோயில்களிலும் ஒன்றைச் சொன்னார்கள். கொடுத்தவர்கள் வந்து, தாங்கள் கொடுத்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று. ஜனங்கள் மெழுகுத்திரித் தண்டையும் திரைச்சீலையையும் தூக்கிக்கொண்டு தெருவில் போனதை நான் பார்த்தேன். உங்கள் பழைய பாதிரியார் அதை உங்களுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய்க் கோயில் காலியாகிவிடும் என்று மறைத்தார். மார்லகூமில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். அதனால்தான் என் மகனை அனுப்பினேன். அவன் அப்பா முகங்களைச் சுரண்டப் போனார், அதை நான் மறைக்கவில்லை. அது அவருடைய நம்பிக்கை. ஆனால் பியர்ஸ் போனது வேறு வேலைக்கு. “அம்மா, உன் சிட்வெல்லை முழுசா கொண்டாந்து உன் கட்டில்கிட்ட வைக்கிறேன், பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பெயர்த்து எடுக்கும்வரை அந்தப் பக்கம் வரக் கூடாது என்று அப்பாவிடம் வாக்கும் வாங்கியிருந்தான். அதனால்தான் ஆட்கள் வடகோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். “இது எங்கம்மாவோடது” என்றால் அதுதான் அர்த்தம். அவன் அவள் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். ஜோரியும் அதற்குத்தான் கோடரி எடுத்தான். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு வந்திருந்தார்கள்.

என் கணவர் ஜோரியைக் காட்டிக்கொடுத்தபோது நான் வருந்தவில்லை. இப்போது வருந்துகிறேன் என்றும் பொய் சொல்ல மாட்டேன். ஆல்சனுக்காக மட்டும் வருந்துகிறேன்.

உங்களுக்குப் பலகை வேண்டும். எனக்கு ஒன்று வேண்டும். உங்கள் ஊரில் என் மகன் இன்றும் சாமி முகத்தைச் சுரண்டியவன். யோ சொன்னான், குழந்தைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்களாம். ஊர் கூடியிருக்கும்போது கோயிலில் எழுந்து நின்று, பியர்ஸ் ஹேம்லின் அவள் முகத்தைத் தொடவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

சொன்னால் பலகை வரும்.

வில்மட்


மார்லகூம்
மே 9

வில்மட்டுக்கு,

ஒரு சொல்லையும் தாண்டவில்லை.

வாசித்து முடித்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் ஓட்டையைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. சட்டத்தில் பலகையை மாட்டியிருந்த மர ஆணிகளில் மூன்றைப் பதமாக வெளியே தட்டியிருக்கிறான். நாலாவது மட்டும் முறிந்திருக்கிறது. அவன் விழுந்தபோது முறிந்திருக்கும். அந்தத் துளையில் என் விரலை வைத்துப் பார்த்தேன். உடைக்க வந்தவன் ஆணியைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டான், வில்மட். இன்னும் ஓர் ஆணி. அவ்வளவுதான் மீதி இருந்திருக்கிறது.

நீ கேட்டது என்னவென்று உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டிருப்பாய். இங்கே ஜோரி யார் என்று யோ உனக்குச் சொல்லியிருப்பான். பெந்தெகொஸ்து விருந்துக்கு ஊரே ஆப்பிள் கள் பீப்பாயைத் திறக்கும். முதல் கோப்பையை ஊற்றி என் முன்னால் வைப்பார்கள். “ஜோரிக்கு” என்று டோசர் சொல்வான், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நான் குடிப்பேன். மேரி ராணி காலத்தில் ஆரம்பித்தது, இப்போது பாதிரியாருக்குத் தெரியாமல் நடக்கிறது. எனக்கு நிலமில்லை, பெண்டாட்டியில்லை. அந்தக் கோப்பை இருந்தது. அம்மாளின் முகத்துக்காகச் செத்தவனுடைய அப்பன் என்று என் ஆட்டுக்கறியை வாங்கினார்கள். அவன் வெட்டியது அதே முகத்தைக் காப்பாற்ற வந்தவனை என்று நான் சொல்லிவிட்டால் ஜோரி எதற்குச் செத்தான்?

நேற்று டோசரிடம் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். அவன் பட்டறையில் லாடம் அடித்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, “மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு, எழுத்தெல்லாம் படிச்சு மண்டை சூடாயிடுச்சு” என்றான். பிறகு பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கிவிட்டு, “வேற யாராச்சும் இதைச் சொன்னா நாக்கை இதாலதான் பிடுங்குவேன்” என்று குறட்டைக் காட்டினான்.

கார்ஸ்லேக்கின் ஆட்கள் திரையை அளந்துகொண்டு போனார்கள். கசாப்புக் கத்தி செதுக்கிய இடத்தின் மேல் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டிருக்கிறார்கள். அங்கேதான் ரம்பம் இறங்குமாம்.

பெந்தெகொஸ்து ஞாயிறு வருகிற பதினேழாம் தேதி. பூசை முடிந்து, கோப்பை ஊற்றுவதற்கு முன்னால் நிற்பேன். மனப்பாடமாகச் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்பார்கள். அதனால் உன் கடிதத்தையே உரக்க வாசிப்பேன். தினமும் ஆடுகளுக்கு முன்னால் வாசித்துப் பழகுகிறேன். அவை நன்றாகக் கேட்கின்றன.

டிகரி


எக்ஸிட்டர்
மே 15

அண்ணா,

வாசிக்காதீர்கள்.

யோ இன்று வந்தான். உங்கள் ஊர் ஆண்கள் என்ன பேசுகிறார்கள் என்று சொன்னான். கோயில் கதவை உள்ளே தாழிடுவதைப் பற்றிப் பேசினார்களாம். நான் கோபத்தில் கேட்டேன். பதின்மூன்று வருஷக் கோபம், அதில் உங்களை நான் பார்க்கவில்லை. ஒருவன் போனது போதும், இரண்டு பேர் போனது போதும். எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை என்பதை இன்று காலை இந்தப் பலகையை ஆட்டுத்தோலில் சுற்றும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பலகையை யோவின் இரண்டாவது குதிரையில் ஏற்றிவிட்டேன். நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது உங்களுடையது. கடிதத்தை முன்னால் கொடுக்கும்படி அவனிடம் கெஞ்சியிருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் என்கிறான். சுற்றிப் போக வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு கோப்பையைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், அண்ணா.

வில்மட்


மார்லகூம்
ஜூன் 29

என் தங்கை வில்மட்டுக்கு,

முதல் கடிதத்தைவிட இது மோசமாக இருக்கும், மறுபடியும் பொறுத்துக்கொள். எழுதுவது இடது கை. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எழுதக் கற்றவன் டெவன் சீமையில் வேறு யாராவது இருந்தால் காட்டு.

யோ செவ்வாய்க்கிழமைதான் வந்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வாசித்தேன். கோயில் நிறைந்திருந்தது. ஆடுகள் முன்னால் வாசித்தது போலவே வந்தது. ‘இரண்டு பேரும் ஒரே வேலைக்கு வந்திருந்தார்கள்’ என்பதை இரண்டு தடவை வாசித்தேன், பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று. பிறகு என் சொந்த வார்த்தையில், பியர்ஸ் அவள் முகத்தைத் தொடவில்லை, என் மகன் அவனைத் தப்பாக வெட்டினான் என்றேன்.

டோசர் எழுந்து வந்தான். “கிழவா, செத்தவனை மறுபடியும் தூக்குல போடுறியா?”

“முதல் தடவையும் முடிச்சு நான்தானே போட்டேன்” என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று தெரியாது. பாதிரியாரைக் ஞானஸ்நானத் தொட்டியோரம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி ஒருவனுடைய காதைக் கடித்தாள், நான் சொன்னேனே, நல்ல பெண் என்று. என்னைத் தென்வாசலுக்கு இழுத்தார்கள். “எழுதப் படிச்ச கை இதுதானே” என்று வலது கையை நிலையில் வைத்து ஓக் கதவைச் சாத்தினார்கள். ஒரு தடவை இல்லை. எலும்பு ஒடியும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையது என்பதால் கொஞ்சம் உரக்கக் கேட்டது. நாலு விரல். கட்டைவிரலை விட்டுவிட்டார்கள், கத்தி பிடிக்க அது போதும்.

அன்று ஜோரியின் கோப்பையை யாரும் ஊற்றவில்லை. அவர்கள் போனதும் நானே ஊற்றிக் குடித்தேன். இரண்டு கோப்பை. இரண்டாவது யாருக்கு என்று உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஆட்டுத்தோலைப் பிரித்தேன். கோயிலில் மீதிப் பலகைகளெல்லாம், ராஜாவின் ஆட்களும் சுரண்டியபின், முகம் இல்லாமல் நிற்கின்றன, இத்தனை வருஷத்தில் அதுவே எங்களுக்குப் பழகிவிட்டது. இவள் மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தக் கோணல் வாய். காலடியில் ஊற்று, ஊற்றில் அவனுடைய கறை. பாதிரியார் வந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனார். ஆயரின் ஆள் வரும்போது திரை முழுதாக இருக்க வேண்டும், ஆனால் முகம் இருக்கக் கூடாது, முகத்தோடு ஒரு சாமி அகப்பட்டால் அதையே சாக்காக வைத்துத் திரை மொத்தமும் போகும் என்றார். என்னிடம் சுரண்டுகத்தி இருந்தது. இடது கையால் எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். பியர்ஸ் தட்டிய ஆணிகள் நினைவுக்கு வந்தன. கத்தியை எடுத்துவிட்டேன்.

இனி எழுதுவதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. பலகையைத் திருப்பி மாட்டினோம். முகம் பீடத்துப் பக்கம், பின்புறம் ஜனங்கள் பக்கம். பீடத்துப் பக்கம் அவள் மேல் இன்னொரு வெறும் பலகை. இப்போது அவள் இரண்டு ஓக் பலகைகளுக்கு நடுவில் முகத்தோடு இருட்டில் நிற்கிறாள். கறையும் அவளோடு இருக்கிறது.

ஒற்றைக் கையால் நான் எப்படிச் செய்தேன் என்று கேட்பாய். செய்யவில்லை. நான் பலகையைச் சட்டத்தில் பொருத்த முடியாமல் முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது டோசர் வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. வந்து பலகையை என்னிடமிருந்து வாங்கினான். முகத்தைப் பார்த்தான். விளிம்பில் உளித் தடங்களை ஒவ்வொன்றாகத் தடவினான். கறையை மட்டும் தொடவில்லை. பிறகு, “அந்தப் பக்கம் பிடிங்க மாமா” என்றான். ஆணியை அடித்தது அவன்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

வெறும் மரம் தெரியக் கூடாது, ஏதாவது வசனம் வேண்டும் என்றார் பாதிரியார். எழுத்துக்காரன் ஒருவனை வரச்சொல்கிறேன் என்றார். நான் விடவில்லை. நான் முதலில் கற்ற சொல் இருக்கும் வசனத்தை நானே எழுதினேன், கறுப்புச் சாயத்தில், இடது கையால்: கொலை செய்யாதிருப்பாயாக. வரி கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சாய்ந்து போகிறது.

ஆயரின் ஆள் வந்தார். கார்ஸ்லேக் கூடவே வந்து ஓட்டையைக் காட்டக் கையை நீட்டினார். ஓட்டை இல்லை. ஆயரின் ஆள் வசனத்தை வாசித்துவிட்டு இவ்வளவு அசிங்கமாக யார் எழுதியது என்று கேட்டார். ஊர்க் கசாப்புக்காரர் என்றார் பாதிரியார். ஆயரின் ஆள் ஒரு தடவை என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். திரை முழுது, நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கார்ஸ்லேக்குக்கு மச்சு மட்டும் கிடைத்தது. கயிறு கட்டி இழுத்தபோது கோயிலே இடிந்து விழுவதுபோல விழுந்தது. அவருடைய ஆள் ஒருவனுக்குக் கால் நசுங்கியது, எலும்பு வெளியே வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கட்டினார்கள். பிழைப்பான். திராட்சைக் கொடிகள் அப்படியே இருக்கின்றன. சுண்ணாம்புக் குறியை அழித்துவிட்டேன்.

என் கறியை வாங்க இன்னும் பாதிப் பேர் வருவதில்லை. குழந்தைகள் மட்டும் பியர்ஸைப் பற்றிப் பழைய பேச்சைப் பேசுவதில்லை. யார் அவர்களைத் தடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மச்சிலிருந்து விழுந்த மரத்தில் ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஹாலி மரத்தடியில் ஊன்ற வேண்டும். அதில் பியர்ஸின் பெயரைச் செதுக்க வேண்டும், அதற்கு முதலில் காகிதத்தில் நேராக வர வேண்டும். இடது கை ‘ப’வை இன்னும் மல்லாக்கப் போடுகிறது. கீழே எழுதிக் காட்டியிருக்கிறேன், சிரிக்காதே. தூக்கில் தொங்கியவன் என்பதால் ஜோரிக்கென்று தனிக் குழி இல்லை, உனக்குத் தெரியும். அவன் பெயரை அதே மரத்தில், கீழே, சின்னதாகச் செதுக்கலாமா? நீ சரி என்று சொல்லாமல் உளியைத் தொட மாட்டேன். வேண்டாம் என்றாலும் எழுது.

பியர்ஸ்
பியர்ஸ்
பியர்ஸ்

மூன்றாவது கொஞ்சம் தேவலை. கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், அதற்குள் இந்தப் பெயர் நேராகியிருக்கும்.

உன் அண்ணன்
டிகரி